மூணு மாச சன் கனூர் குஞ்சு: கடிக்குது, தலைய ஆட்டுது, மல்லாக்கப் படுக்குது. இதெல்லாம் இயல்பா, நோயா?

ஈரோட்டு_மைனா:

எல்லாருக்கும் வணக்கங்க. எங்க வீட்டுக்குப் புதுசா சன் கனூர்ங்கற வெளிநாட்டுக் கிளியோட குஞ்சு ஒண்ணு வந்திருக்குது, பேரு கிவி. மூணு மாசம் முடிஞ்சிருச்சு, ஹேண்ட் ஃபீட் (கையால ஊட்டி வளர்க்கறது) நிறுத்தியாச்சு, தானாவே சாப்பிடும்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. முதுகும் இறக்கையும் இன்னும் பச்சையாத்தான் இருக்குது, தலையிலயும் நெஞ்சுலயும் மட்டும் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து வந்திருக்குது. ரொம்பப் பாசமான குஞ்சுங்க, கூப்பிட்டா ஓடி வருது, தோள விட்டு எறங்க மாட்டேங்குது, ஆனா அது பண்ற சில விஷயம் எங்களுக்குப் பிடிபடவே மாட்டேங்குது, அதான் வளர்க்கறவங்ககிட்டயே கேக்கலாம்னு வந்தேன்.

மொதல்ல கடி. விரல நீட்டினா ஏற வருது, வர்றப்பவே அலகால விரலப் புடிக்குது, நான் பயந்து கைய இழுத்துக்கிட்டா அடுத்த தடவ இன்னும் அழுத்திப் புடிக்குது. காதுக் கம்மல், மூக்குத்தி, சட்டை பட்டன், சார்ஜர் ஒயரு, எதையும் விட்டு வைக்கறதில்ல. அப்புறம், தீனிக் கிண்ணம் நெறைய இருக்கறப்பவே என்னப் பார்த்ததும் ஒக்காந்து தலைய மேலயும் கீழயும் வேகவேகமா ஆட்டிக்கிட்டு ஒரு கெஞ்சற சத்தம் போடுது, எங்க வீட்டுக்காரரு வலிப்பு வந்திருச்சோன்னு பயந்துட்டாரு. போடற தீனியில பாதிக்கு மேல கீழ எறியுது. பேப்பர் கெடச்சா தூள் தூளாக் கிழிக்குது. ராத்திரி தூங்கறதுக்கு முன்னால அலக நறநறன்னு அரைக்கற சத்தம் கேக்குது. எல்லாத்தையும் விட, ஒரு மத்தியானம் கூண்டுத் தரையில மல்லாக்கப் படுத்துக் கெடந்துச்சு, காலு ரெண்டும் மேல. எம் பொண்ணு அழுதே போட்டா, கூண்டத் தொறந்ததும் எதுவுமே நடக்காத மாதிரி எந்திரிச்சு வந்துச்சு.

சொந்தக்காரங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க. இறக்கைய வெட்டிரு அடங்கிரும்னு ஒருத்தரு, கடிச்சா அலகுல ஒரு சுண்டு சுண்டுன்னு ஒருத்தரு, எங்க அமிச்சி வசம்ப ஒரசி நாக்குல தேய்ச்சா சீக்கிரம் பேசும்ங்கறாங்க. எனக்கு இதுல எதையும் செய்ய மனசு வரல. இது குஞ்சுக்கு இருக்க வேண்டிய பழக்கமா, நாங்க கெடுத்து வச்சிருக்கமா, இல்ல ஒடம்புக்கு ஏதாவதா, தெரிஞ்சவங்க கொஞ்சம் வெளக்கமா சொல்லுங்க.

பஞ்சவர்ண_வீடு (திருச்சி):

அக்கா, வசம்பு வேண்டவே வேண்டாம், அத மொதல்ல சொல்லிடறேன். கிளிக்கு சத்தம் வர்ற எடம் நாக்கு இல்ல, நெஞ்சுக்குள்ள மூச்சுக்குழாய் ரெண்டாப் பிரியற எடத்துல அதுக்குன்னு ஒரு உறுப்பு இருக்கு, அங்கதான் சத்தம் உண்டாகுது. நாக்குல எதத் தேய்ச்சாலும் பேச்சு வராது, அது உள்ள போய் கெடுதல் பண்றதுதான் மிச்சம். சன் கனூர் பெருசா பேசற இனமும் கெடையாது, சில வார்த்த சொல்லும், அதுவும் தெளிவா இருக்காது. பேச்சு எதிர்பாக்காதீங்க, அதோட சத்தத்துலயே நெறைய அர்த்தம் இருக்கு, போகப்போக உங்களுக்கே புரியும்.

இப்ப கடி. நீங்க எழுதினத வச்சுப் பார்த்தா அது கடியே இல்லக்கா. கிளிக்கு அலகுதான் கை. அலகு நுனிக்குள்ள தொடு உணர்ச்சிக்கான நரம்பு முனை நெறைய இருக்கு, நாக்கும் அப்படித்தான், அதனால ஒரு பொருள் என்ன ஏதுன்னு தெரிஞ்சுக்கணும்னா அது வாயிலதான் வச்சுப் பாக்கணும், நம்ம கைக்குழந்த கெடச்சதயெல்லாம் வாயில வைக்குதுல்ல அதே கதைதான். இன்னொண்ணு, கிளி ஒரு கெளையிலேர்ந்து இன்னொரு கெளைக்குப் போறப்ப அலக மொதல்ல போட்டு, இது நம்ம எடைய தாங்குமான்னு புடிச்சுப் பார்த்துட்டுதான் காலத் தூக்கி வைக்கும். உங்க விரல அது புடிக்கறது அதுக்குத்தான். அந்த நேரம் பார்த்து நீங்க கைய இழுத்துட்டா "இந்தக் கெள ஆடுது, நம்பக்கூடாது"ன்னு அதுக்குப் பதிஞ்சு போகுது, அடுத்த வாட்டி இறுக்கிப் புடிக்குது, நீங்க கடிக்குதுன்னு மறுபடி இழுக்கறீங்க, இது இப்படியே சுத்திக்கிட்டு இருக்கும். விரல வயித்துக்குக் கீழ, கால் பக்கமா உறுதியா வைங்க, ஆடாம வைங்க, அலகு வந்தாலும் அப்படியே நிறுத்துங்க, ரெண்டு மூணு நாள்லயே வித்தியாசம் தெரியும்.

அழுத்திட்டா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. கூட்டுல அண்ணன் தம்பியோட வளர்ற குஞ்சு ஒண்ண ஒண்ணு கடிச்சு, அது கத்தி, இது வெலகி, எவ்வளவு அழுத்தினா வலிக்கும்ங்கறத அங்கயே கத்துக்கும். ஹேண்ட் ஃபீட் குஞ்ச கண்ணு தொறந்த புதுசுலயே கூட்டுலேர்ந்து எடுத்துடறாங்க, அந்தப் பாடம் அதுக்குக் கெடைக்கறதே இல்ல, நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும். அழுத்தினா கத்தாதீங்க, உதறாதீங்க (நீங்க கத்தறது அதுக்கு சந்தோஷமான வெளையாட்டு). அமைதியா மேஜை மேல எறக்கி விட்டுட்டு ஒரு பத்து செகண்டு மொகத்தத் திருப்பிக்கோங்க, அப்புறம் அது கடிக்கறதுக்குன்னே ஒரு மரக்கட்டையோ தென்னங்குச்சியோ கொடுங்க. அலகுல சுண்டறது மட்டும் கூடவே கூடாது. கைங்கறது வலி தர்ற பொருள்னு ஒரு தடவ அதுக்குப் பட்டுட்டா அப்புறம் நெஜமாவே கடிக்க ஆரம்பிக்கும், அத மாத்த மாசக்கணக்கா ஆகும்.

கம்மல், மூக்குத்தியக் கழட்டி வச்சிட்டு வெளிய எடுங்க. ஒயர்ல வெளையாட விடவே விடாதீங்க.

மதுரை_பட்சி:

எல்லாம் சரிதான், ஆனா இறக்கை விஷயத்துல நான் வேற மாதிரி சொல்லுவேன். நம்ம வீடுகள்ல சீலிங் ஃபேன் ஓடாத நேரமே கெடையாது, ஜன்னல்ல வலை கெடையாது, வாசக் கதவு தொறந்தே கெடக்கும். எங்க தெருவுலயே ஃபேன்ல அடிபட்டுப் போன குஞ்ச நான் என் கண்ணால பார்த்திருக்கேன், பறந்து போயி காக்காகிட்ட மாட்டினதயும் பார்த்திருக்கேன். முன்பக்கத்துல நாலஞ்சு இறகு வெட்டினா வலி கெடையாது, மறுபடி மொளைச்சிரும், உசுரு முக்கியமா பறக்கறது முக்கியமாங்கறத யோசிச்சுக்கங்க.

கூடுகட்டி (பொள்ளாச்சி):

மதுரைண்ணே, ஃபேன் பயம் நூத்துக்கு நூறு உண்மை, அதுல நான் மறுத்துப் பேசவே மாட்டேன். ஆனா இந்த வயசுல வெட்றது வேற விஷயம்ங்க. குஞ்சு பறக்கப் பழகற காலத்துலதான் நெஞ்சுச் சதை கட்டும், எங்க திரும்பணும் எங்க எறங்கணும்ங்கற கணக்கு மண்டையில ஏறும், கூடவே தைரியமும் வரும். அதுக்கு முன்னாடியே வெட்டிட்டா கெளம்பத் தெரியும், எறங்கத் தெரியாது, பொத்துன்னு நெஞ்சு அடிபட விழும், விழுந்து விழுந்து பயந்தாங்கொள்ளியா ஆகும். பயந்த கிளிக்குப் பறந்து போற வழி இல்லைன்னா மிச்சம் இருக்கற ஒரே வழி கடிதான். வெட்டின இறகோட முனை குத்திக்கிட்டே இருக்கறதால சிலது அந்த எடத்தயே கொத்தி இறகு புடுங்கற பழக்கத்துக்குப் போயிரும், ஆப்பிரிக்கன் கிரேங்கற கிளியில இது ரொம்ப அதிகம். நம்ம குஞ்சு வாங்கறப்பவே இந்தப் பழகற காலம் பாதியில இருக்கு. அதனால வெளிய விடறப்ப ஃபேன நிறுத்தறது, ஸ்விட்சு மேல ஒரு டேப்ப ஒட்டி வைக்கறது, ஜன்னலுக்கு வலை, கண்ணாடி மேல துணி, அடுப்படிக் கதவு சாத்தறது, இத வீட்ல இருக்கற எல்லாரும் பழகிக்கணும். பழக முடியாத வீடுன்னா ஒரே ஒரு ரூம அதுக்குன்னு ஒதுக்கிருங்க.

இப்ப அந்தத் தலையாட்டற விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா உங்க கேள்வியிலயே அதுதாங்க முக்கியம், மத்ததெல்லாம் அப்புறம். அது வலிப்பு இல்ல, தாய்கிட்ட தீனி கேக்கற அசைவு. தாய்க்கிளி தன் அலகால குஞ்சோட அலகக் கவ்விக்கிட்டு உள்ளேர்ந்து தீனிய எடுத்து ஊட்டும், அதுக்குத் தோதாக் குஞ்சு தலைய மேலயும் கீழயும் பம்ப் பண்ணும், சிரிஞ்சுல ஊட்டறப்பவும் அதே அசைவுதான் வரும். மூணு மாசத்துல கிண்ணம் நெறைய இருக்கறப்பவே இப்படிக் கேக்குதுன்னா ரெண்டு காரணம். ஒண்ணு, எடம் மாறினதால வந்தது. வீடு புதுசு, ஆள் புதுசு, சத்தம் புதுசு, அதுக்கு ஆறுதலா தெரிஞ்ச ஒரே விஷயம் ஊட்டி விடறது, அதனால பழையபடி குஞ்சுத்தனத்துக்குப் போகும், நல்லா தின்னுக்கிட்டு இருந்ததுகூட இப்படி ஆகும். இன்னொண்ணு, நெஜமாவே ஹேண்ட் ஃபீட் முடியறதுக்கு முன்னாடியே வித்திருப்பாங்க. சன் கனூர் பொதுவா பத்து பன்னெண்டு வாரத்துல தானாச் சாப்பிடப் பழகும், ஆனா எல்லாக் குஞ்சும் காலண்டர் பார்த்துப் பழகாது, சிலதுக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கும். விதைய வாயில போட்டு உருட்டிக்கிட்டே இருக்கும், ஒடைக்காது, உள்ளயும் போகாது, கிண்ணத்தப் பார்த்தா தொலியும் பொடியுமா இருக்கும், நாம சாப்பிட்டிருச்சுன்னு நெனச்சுக்குவோம். இப்படித்தாங்க நெறைய குஞ்சு கிண்ணம் பூரா தீனி இருக்கப் பட்டினியில போகுது.

கண்டுபுடிக்க ஒரே வழி எடை. கிராம் காட்டற சின்ன சமையல் தராசு ஒண்ணு வாங்குங்க, காலையில மொத எச்சம் போட்டப்புறம், தீனி வைக்கறதுக்கு முன்னாடி, தெனமும் நிறுத்து எழுதி வைங்க. வளர்ந்த சன் கனூர் நூறுலேர்ந்து நூத்தி இருபது கிராம் பக்கம் இருக்கும். எண்ணு நெலையா நின்னா பயப்பட ஒண்ணுமில்ல, அது ஆறுதலுக்குக் கேக்குது. தெனம் கொஞ்சம் கொஞ்சமா எறங்குதுன்னா பசியில கேக்குது. ரெண்டுக்குமே மறுக்காதீங்க, "பழகிரும்"னு பட்டினி போடாதீங்க, கெஞ்சிக் கெஞ்சி அடங்கின குஞ்சு பெருசானதும் பதட்டக்காரப் பறவையா நிக்கும். ராகிக் கூழோ வேகவச்ச மக்காச்சோளம் கேரட் மசிச்சதோ வெதுவெதுப்பா ஸ்பூன்ல காலையும் சாயங்காலமும் கொடுங்க, அதுவே ஒரு நாள் ஸ்பூன ஒதுக்கித் தள்ளிரும். சிரிஞ்சுல ஃபார்முலா (குஞ்சுக்கு ஊட்டறதுக்குன்னு கரைக்கற மாவு) மட்டும் பழக்கம் இல்லாம நீங்களே கொடுக்காதீங்க. சூடு நாப்பது டிகிரி பக்கம் இருக்கணும், கூடிப்போனா கழுத்தடியில இருக்கற தீனிப்பை வெந்து ஓட்டையே விழும், ஆறிப்போனா உள்ள தேங்கிப் புளிச்சிரும், வேகமா அழுத்தினா மூச்சுக்குழாய்க்குப் போயிரும், மூணுமே உயிருக்கு ஆபத்து.

தீனிய எறியறது பத்திக் கவலையே வேண்டாங்க. காட்டுலயும் கிளி ஒரு பழத்துல ரெண்டு கடி கடிச்சுட்டு மிச்சத்தக் கீழ போட்டுட்டு அடுத்ததுக்குப் போகும். குஞ்சு எது திங்கற பொருள்னு இப்பத்தான் படிக்குது, எடுக்கும், உருட்டும், போடும், ஒரு நாள் திங்கும். முருங்கைக்கீரைய நீங்க பத்து நாள் தொங்க விட்டா பதினோராவது நாள் தொடும். அதனால எறியுதுன்னு நிறுத்திராதீங்க, வெறும் சூரியகாந்தி விதைக்கு மட்டும் போயிராதீங்க, அது முழுக்கக் கொழுப்பு.

வெண்கொக்கு (தஞ்சாவூர்):

நான் பறவைகளும் பாக்கற ஒரு க்ளினிக்ல வேலை செய்றேன், எங்ககிட்ட குஞ்ச கொண்டு வர்றவங்க கேக்கறதுல பாதி இந்தக் கேள்விகள்தான். இயல்பா நோயாங்கறதுக்கு மட்டும் சொல்றேன்.

அலக அரைக்கற சத்தம்: நிம்மதியா இருக்கு, தூங்கப் போகுதுன்னு அர்த்தம். ஒத்தக் கால்ல நின்னு இன்னொரு காலப் புசுபுசுன்னு இறகுக்குள்ள இழுத்துக்கறதும் அதேதான். மல்லாக்கப் படுக்கறது கனூர் இனத்துல ரொம்ப சகஜம், வெளையாடறப்பவும் படுக்கும், சிலது தூங்கறதே அப்படித்தான், தொட்டா டக்குன்னு முழிச்சுக்கணும், அவ்வளவுதான். கண்ணோட கருமணி சுருங்கி விரிஞ்சு சுருங்கி விரிஞ்சு வந்துச்சுன்னா அது உச்சகட்ட உற்சாகம், சந்தோஷமாவும் இருக்கலாம் கோபமாவும் இருக்கலாம், அப்ப கைய நீட்டாம கொஞ்சம் பொறுங்க.

இன்னும் கொஞ்ச மாசத்துல இறகு மாத்த ஆரம்பிக்கும், பச்சை போயி மஞ்சள் ஏறும், முழு நெறம் வர ஒன்றரை ரெண்டு வருஷம் ஆகும். அந்த நேரத்துல தலையெல்லாம் முள்ளு முள்ளா ஊசி இறகு நிக்கும், உள்ள ரத்த ஓட்டம் இருக்கும், தப்பா அழுத்தினா வலிக்கும், குணமும் சிடுசிடுன்னு இருக்கும், பழக்கம் கெட்டுப் போச்சுன்னு நெனச்சிராதீங்க. தலையில இருக்கற ஊசிய அதால கோதிக்க முடியாது, கூட்டத்துல இன்னொரு பறவ கோதி விடும், உங்க வீட்ல அது உங்க வேல. ஒறை காய்ஞ்சு வெள்ளையா ஆனப்புறம் நகத்தால மெதுவா உருட்டி விட்டா கண்ண மூடிக்கிட்டு சொக்கிப் போகும்.

இப்ப பயப்பட வேண்டியது. பகல்லயும் ஒடம்ப உப்பிக்கிட்டுக் கண்ண பாதி மூடி உக்காந்திருக்கறது. மூச்சு விடறப்ப வாலு மேலயும் கீழயும் தூக்கித் தூக்கிப் போடறது. கூண்டுத் தரையிலயே மூலையில ஒடுங்கிக் கெடக்கறது, அதுக்கும் மல்லாக்கப் படுத்து வெளையாடறதுக்கும் வித்தியாசம் பார்த்தாலே தெரியும். எச்சத்துல மூணு பாகம் இருக்கணும், பச்சையோ பழுப்போ கெட்டியா ஒண்ணு, வெள்ளையா ஒண்ணு, தண்ணியா ஒண்ணு, வெள்ள பாகம் மஞ்சளோ பச்சையோ ஆனா உடனே காட்டணும். தலைய ஆட்டி ஆட்டி ஒரு ஆள் பக்கமாவோ பொம்ம பக்கமாவோ உள்ளேர்ந்து தீனிய எடுத்து வைக்கறது பாசம், ஆனா தலைய உதறிச் சுத்திலும் தெறிக்கத் தெறிக்க, மூஞ்சி இறகெல்லாம் ஒட்டற மாதிரி வந்தா அது வாந்தி. எடை பத்துல ஒரு பங்கு கொறைஞ்சாலும் காத்திருக்காதீங்க. பறவ நோய மறைக்கும்ங்க, காட்டுல சொணங்கினது தெரிஞ்சா அதத்தான் மொதல்ல அடிப்பாங்க, அதனால நம்ம கண்ணுக்குத் தெரியற அளவுக்கு வந்துருச்சுன்னாலே நெலம முத்தினதா எடுத்துக்கணும்.

பொள்ளாச்சி அண்ணன் அடுப்படின்னு சொன்னாரு, அதுக்குக் காரணம் சூடு மட்டும் இல்ல. நான்ஸ்டிக் தவா காலியா அடுப்புல காய்ஞ்சா வர்ற புகை நமக்குத் தெரியவே தெரியாது, கிளி நிமிஷத்துல போயிரும். வெள்ளிக்கிழம சாம்பிராணி, கொசுவத்தி, ஊதுபத்தி, ரூம் ஸ்ப்ரே எல்லாத்தையும் அது இருக்கற ரூம்ல தவிர்த்துருங்க. அவகாடோ, சாக்லேட், டீ காபி, உப்புப் போட்ட மிக்சர் முறுக்கு எதுவும் வாயில படக்கூடாது.

ஈரோட்டு_மைனா:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றிங்க, இவ்வளவு பொறுமையா எழுதினதுக்கு. தராசு வாங்கியாச்சு. எடை எறங்கல, அப்படியே நிக்குது, அதனால அது ஆறுதலுக்குத்தான் கேக்குதுன்னு புரிஞ்சுது, ராகிக் கூழ் ஸ்பூன்ல கொடுக்கறோம், ரெண்டு வாய் வாங்கிட்டு என் நெஞ்சுலயே சாஞ்சு தூங்கிருது. விரல ஆட்டாம வைக்கறதும் வேல செய்யுதுங்க, அலகால ஒரு தொடு தொட்டுட்டு ஏறிருது. வசம்பு வேண்டாம்னு அமிச்சிகிட்டயும் சொல்லியாச்சு.

இப்ப மிச்சம் இருக்கறது கத்தல்தான். காலையில வெளிச்சம் வந்ததும் ஒரு ரவுண்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு ரவுண்டு, அப்புறம் நான் அந்த ரூம விட்டு வெளிய போனா போதும், தெரு பூராக் கேக்கற மாதிரி கத்துது. பக்கத்து வீட்ல கைக்குழந்த இருக்குது, எனக்கு சங்கடமா இருக்குது. கத்தறப்ப ஓடிப் போனா பழகிரும்ங்கறாங்க, போகாம இருந்தா மனசு கேக்க மாட்டேங்குது. என்ன பண்றது? இன்னொண்ணும் கேக்கணும், தனியா இருக்கறதாலதான் கத்துதுன்னு ஜோடிக்கு ஒண்ணு வாங்கி கூடு வைக்கறதுக்குப் பானை கட்டி விடச் சொல்றாங்க, செய்யலாமுங்களா?

வலசை (கோத்தகிரி):

கிவி எங்கேர்ந்து வந்த இனம்னு கொஞ்சம் தெரிஞ்சா இந்தக் கத்தல் புரிஞ்சிரும் சகோதரி. சன் கனூர் தென் அமெரிக்காவுல கயானா, வடக்கு பிரேசில் பக்கம் புல்வெளியும் மரமுமா கலந்திருக்கற நெலத்துல கூட்டமா பறக்கற பறவ. விடிஞ்சதும் கூட்டம் பிரிஞ்சு தீனிக்குப் போகும், பொழுது சாயறப்ப திரும்பி ஒண்ணாச் சேரும், அந்த ரெண்டு நேரமும் எல்லாரும் இருக்காங்களான்னு ஒருத்தர ஒருத்தர் கூப்பிட்டுப் பாக்கும். அந்த சத்தம் வெட்டவெளியில ரொம்ப தூரம் கேக்கணும், அதனாலதான் இவ்வளவு சின்ன ஒடம்புல இவ்வளவு பெரிய தொண்டை. இன்னிக்கு காட்டுல அது அழியற நெலமைல இருக்கு, கூண்டுக்காக புடிச்சுப் புடிச்சே கூட்டம் கூட்டமா காலியாச்சு, கயானாவுல கரசபாய்ங்கற கிராமத்துப் பக்கம்தான் நல்ல எண்ணிக்கையில பாக்க முடியுது. நம்ம வீட்டுக் கூண்டுல இருக்கறது பண்ணையில பொரிச்சதுதான், இருந்தாலும் உள்ள இருக்கற கடிகாரம் அதே காட்டோட கடிகாரம். அதனால காலை சாயங்காலக் கத்தல் நிக்காது, நிறுத்தவும் கூடாது, ஒரு பத்து இருபது நிமிஷம் அதுக்கான நேரம்னு விட்டுருங்க. அந்த நேரத்துல குளிப்பாட்டறது, கிழிக்கறதுக்கு தென்னங்கீத்து தர்றதுன்னு வேல கொடுத்தா தானாவே கொறையும். பக்கத்து வீட்டுக்கு, கூண்ட அவங்க செவுத்துப் பக்கம் இல்லாம எதிர்ப்பக்கம் மாத்துங்க, காலையில ஒரு கெட்டித் திரை போட்டு வெளிச்சத்த தாமதமா விடுங்க. ராத்திரி பத்துலேர்ந்து பன்னெண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேணும், டிவி ஓடற ஹால்லயே கூண்ட வச்சுக்கிட்டு தூக்கம் கெட்ட குஞ்சு கத்துதுன்னு சொல்றதுல நியாயம் இல்ல.

நீங்க ரூம விட்டுப் போறப்ப கத்தறது வேற. அது "எங்க போயிட்ட?"ங்கற கேள்வி. அதுக்கு அடம்னு பேர் வைக்காதீங்க, கூட்டத்துல யாராவது பதில் சொல்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கறதுதான் அதோட பிறவிக்குணம். அதனால பதில் சொல்லுங்க, ஓடிப் போக வேண்டாம். ஒரு சின்ன விசில், எப்பவும் ஒரே மாதிரி, அடுத்த ரூம்லேர்ந்து அடிங்க. கிவி கத்தலுக்கு நடுவுல ஒரு மெல்லிசான சத்தம் போடும் பாருங்க, அதுக்கு உடனே விசில் அடிச்சு ஆளும் போங்க, பெருங்கத்தலுக்கு மட்டும் போகாதீங்க. எந்த சத்தத்துக்கு ஆள் வருதுன்னு அது சீக்கிரம் புடிச்சுக்கும்.

இதுல எனக்கு மனசுல நின்ன ஒரு விஷயம் இருக்கு. வெனிசுவேலாவுல பேரட்லெட்னு ஒரு சின்னஞ்சிறு கிளி, கூட்டுக்குள்ள கேமராவும் மைக்கும் வச்சு கவனிச்சிருக்காங்க, 2011-ல வந்த ஆராய்ச்சி. ஒவ்வொரு குஞ்சுக்கும் தனியா ஒரு கூப்பிடற சத்தம் இருக்கு, அத குஞ்சு தாய் தகப்பன்கிட்டேர்ந்துதான் கத்துக்குது. முட்டைய வேற கூட்டுக்கு மாத்தி வச்சுப் பார்த்தாலும் குஞ்சு வளர்த்தவங்களோட சத்தத்த ஒட்டித்தான் தன் சத்தத்த அமைச்சுக்குது. வளர்க்கறவங்க வாயிலேர்ந்து பேர் வாங்கிக்கற பறவ அது. கிவி வேற இனம்தான், ஆனாலும் அதுவும் கேட்டுக் கத்துக்கற வயசுல உங்க வீட்டுல இருக்கு, நீங்க அடிக்கற விசில் வெறும் விசில் இல்ல.

புதுசா_வந்தவன்:

இங்கயே கேட்டுக்கறேன், எங்க தென்னந்தோப்புல பொந்துலேர்ந்து நம்மூரு பச்சைக்கிளிக் குஞ்சு ஒண்ணு விழுந்து கெடந்துச்சு, இறகு பாதி மொளைச்சிருக்கு. வீட்ல வச்சிருக்கேன், ஹேண்ட் ஃபீட் எப்படி பண்றதுன்னு சொல்லுங்க, வளர்க்கலாம்னு இருக்கேன்.

வலசை (கோத்தகிரி):

தம்பி, காப்பாத்தணும்னு எடுத்தது நல்ல மனசு. ஆனா வளர்க்கக்கூடாதுப்பா. நம்ம நாட்டுக் கிளிங்க எதையும் வீட்ல வச்சிருக்கறது 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், வாங்கறதும் விக்கறதும் அப்படித்தான். பொந்து எட்டற உயரம்னா குஞ்ச அதே பொந்துல விட்டுருங்க, மனுஷன் கை பட்டா தாய் சேர்க்காதுங்கறது உண்மை இல்ல, அது சத்தம் கேட்டு வந்து ஊட்டும். எட்டலைன்னா ஒரு கூடையில தேங்காநார் போட்டு அதே மரத்துல, பூனை ஏறாத உயரத்துல கட்டி விட்டு தள்ளி நின்னு பாருங்க. காயம் இருந்தாலோ, தாய் வராம ரெண்டு மூணு மணி நேரம் போயிட்டாலோ பக்கத்து வன அலுவலகத்துக்கு இன்னிக்கே போன் பண்ணுங்க. பாலோ, தண்ணியில கரைச்ச சோறோ வாயில ஊத்தாதீங்க.

கிவி வீட்டுக்காரங்களுக்கும் ஒரு வார்த்த: சன் கனூர் மாதிரி சைட்டிஸ் (காட்டுயிர் வியாபாரத்தக் கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கற வெளிநாட்டுப் பறவைய 2024-ல வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதியணும். வித்தவர்கிட்ட பில்லும் பேப்பரும் கேட்டு வாங்கி சீக்கிரம் பதிஞ்சிருங்க.

கூடுகட்டி (பொள்ளாச்சி):

மைனாம்மா, பானை கட்டவே கட்டாதீங்க. பானை, பெட்டி, அலமாரி அடித்தட்டு, போர்வைக்குள்ள, இந்த மாதிரி இருட்டான பொந்து எதக் காட்டினாலும் அது ஒடம்புக்கு "கூடு கெடச்சாச்சு, முட்டை வைக்கலாம்"னு ஒரு சேதி போகும். இப்ப குஞ்சு, ஒண்ணும் ஆகாது. ரெண்டு வயசு நெருங்கறப்ப அந்த எடத்தக் காவல் காக்க ஆரம்பிக்கும், கிட்டப் போற கைய உண்மையாவே கடிக்கும், பொட்டையா இருந்தா ஜோடியே இல்லாம முட்டை வச்சு சுண்ணாம்புச் சத்து கொறைஞ்சு முட்டை உள்ள சிக்கற அளவுக்குக்கூட போகும். இப்பவே தடவறத தலையும் கழுத்தும் மட்டும்னு வச்சுக்குங்க, முதுகுலயும் இறக்கைக்கு அடியிலயும் தடவறது அதுக்கு ஜோடிப் பறவ தர்ற சைகை. சட்டைக்குள்ள பூந்து தூங்கறதயும் கொஞ்சம் கொஞ்சமா தோளுக்கு மாத்திருங்க.

ரெண்டாவது பறவ வாங்கறது தப்பில்லங்க, கூட்டத்துப் பறவதான, தொணை இருந்தா நல்லதுதான். ஆனா கத்தலக் கொறைக்கறதுக்குன்னு வாங்காதீங்க, ரெண்டு சேர்ந்து கத்தும். இன்னொண்ணையும் பாக்க நேரமும் எடமும் இருக்குன்னா மட்டும் வாங்குங்க. அப்படி வாங்கினா மொத ஒரு மாசம், முடிஞ்சா ஒன்றரை மாசம், வேற ரூம்ல தனிக் கூண்டுல வச்சு, எச்சம் டெஸ்ட் பண்ணி, கை கழுவிட்டுத்தான் கிவிகிட்ட வரணும். அதுக்கப்புறம் கூண்ட பக்கத்துல பக்கத்துல வைங்க, ஒரே கூண்டுல போடறது கடைசியில. டிஎன்ஏ டெஸ்டு ஒரு இறகு அனுப்பினா பண்ணித் தருவாங்க, கனூர்ல பார்த்து ஆண் பொட்டை சொல்ல முடியாது, யாராவது பார்த்தே சொல்றேன்னா நம்பாதீங்க. கிவிக்கு ஆறு ஏழு மாசம் ஆகறப்ப திடீர்னு ஒரு சீறு சீறும், பாய்ஞ்சு வந்து பயமுறுத்திப் பாக்கும், அப்ப மறுபடி இங்க வந்து எழுதுங்க, அந்த வயசுக்கு விரல் பயிற்சிய கொஞ்சம் மாத்தணும், ஒரு குச்சியில ஏற வச்சு எறக்கறதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்.